இராயபுரம் ரயில் நிலையத்தைச் சீரமைக்கப் பொதுநிதி கோரி ஒரு திறந்த மடல்

பெறுநர்:
உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்
பொது மேலாளர், தெற்கு ரயில்வே

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். இராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய கட்டிடத்தை முறையாகப் பழுதுபார்த்து, வட சென்னை மக்கள் அன்றாடம் புழங்கும் இடமாக அதை மாற்றுவதற்குப் பொதுநிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். இரு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கட்டிடமும் அது நிற்கும் நிலமும் ரயில்வேக்குச் சொந்தம். வட சென்னையின் வளர்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்ட நிதியோ மாநில அரசிடம் இருக்கிறது. தனித்தனியே மனுக்கொடுத்தால், "இடம் எங்களுடையதன்று" என்று ஒருவரும், "அதற்கென்று தலைப்பில் பணமில்லை" என்று மற்றவரும் பதில் எழுதிவிட முடியும். இரண்டு பதில்களும் உண்மையாகவே இருக்கும். ஆனால் கட்டிடம் மட்டும் இன்னுமொரு மழைக்காலத்தை அப்படியே கடக்கும்.

இந்த நிலையம் எதற்காகப் பொதுப்பணத்துக்கு உரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1853 ஏப்ரலில் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையிலும், 1854 ஆகஸ்டில் ஹௌராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையிலும் ரயில் ஓடிய பிறகு, இந்தியாவின் மூன்றாவது பயணிகள் தடமும் தென்னிந்தியாவின் முதல் தடமும் இராயபுரத்திலிருந்துதான் தொடங்கின. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இந்நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் பொதுமக்களை ஏற்றிச் சென்றது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அந்த முதல் ரயில்களுக்கான பெட்டிகளைக் கட்டியது சென்னையின் சிம்சன் நிறுவனம். 1862க்குள் அத்தடம் நாட்டைக் குறுக்கே கடந்து மலபார்க் கரையைத் தொட்டது. 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்த் தடத்தோடு இணைந்தது. பம்பாயிலும் தாணாவிலும் முதலில் எழுந்த நிலையக் கட்டிடங்கள் இன்றில்லை. ஆகவே இந்தியாவில் இன்று நின்றுகொண்டிருக்கும் ரயில் நிலையக் கட்டிடங்களில் மிகப் பழையது இராயபுரத்தினுடையது. இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்று அழிந்தாலும் அதே வகையில் வேறொன்று இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள இங்கே வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இடத்தேர்வும் தற்செயலானதன்று. கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட குடியிருப்பின் வடக்கு மதிலுக்கு வெளியே, கடலுக்கு அருகே, சரக்கு இறங்கும் கரையையும் வணிகர்கள் வாழ்ந்த தெருக்களையும் ஒட்டி நிலையம் அமைந்தது. 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்த பிறகு நெடுந்தூரப் பயணிகள் சிறிது சிறிதாக அங்கே போனார்கள். 1908இல் எழும்பூர் நிலையமும் திறக்கப்பட்டது. ஆயினும் 1922 வரை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் இராயபுரத்திலேயே இருந்தது. அதற்குப் பின் இந்தக் கட்டிடத்துக்கு வேலை குறைந்தது. பழைய கட்டிடங்களைக் கெடுப்பதில் மழையையும் கடற்காற்றையும்விட வேலையின்மைக்கே முதலிடம் தருவேன். பூட்டிக் கிடக்கும் அறையில் கூரை ஒழுகினால் அதைப் பார்த்துச் சொல்ல ஆளிருக்காது. ஆலஞ்செடி முளைவிடும் முதல் மாதத்தில் யாராவது கண்டிருந்தால் கையால் பிடுங்கிவிடலாம். மூன்றாம் ஆண்டில் கண்டால் சுவரையே பிரித்தாக வேண்டும்.

நான் இப்பகுதியில் பிறந்து வளர்ந்தவன். கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க அந்தத் தூண்களைத் தாண்டி எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். உயர்ந்த கொரிந்தியத் தூண்கள் தாங்கும் அந்த மண்டபத்தின் உள்ளே நின்று மேலே நோக்கியவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், இராயபுரம் மின் எஞ்சின் பணிமனையைச் சேர்ந்த எஞ்சின்கள் ஊர்ப்பெயரைப் பக்கவாட்டில் எழுதிக்கொண்டு தில்லி வரை போய்வருகின்றன. எங்கள் ஊரின் பெயரை நாடெங்கும் இழுத்துச் செல்லும் நிறுவனத்துக்கு, ஊருக்குள்ளிருக்கும் தன் முதல் வீட்டின் நினைவும் இருக்க வேண்டும் அல்லவா?

ரயில்வே ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2005இல் கட்டிடம் புதுப்பிக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. அப்பணி நடந்திராவிட்டால் இன்று இம்மடலுக்கே தேவை இருந்திராது. ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஒரு சுண்ணாம்புக் கட்டிடத்தை ஒருமுறை புதுப்பித்துவிட்டு இருபது ஆண்டுகள் விட்டுவைக்க முடியாது. உப்புக்காற்று சுவருக்குள் ஈரத்தோடு நுழைகிறது. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி உள்ளிருந்து காரையைத் தள்ளுகிறது. "சுவர் பூத்துவிட்டது" என்று எங்கள் வீடுகளில் சொல்வது இதைத்தான். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். உப்பை வெளியேற்றி, தான் உதிர்ந்து, செங்கல்லைக் காக்கும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே பொடியாகத் தொடங்கும். மேலுக்குச் சுவர் புத்தம்புதிதாகத் தெரியும்; ஐந்தாறு ஆண்டுகள் கழித்துச் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகமும் அதோடு வந்துவிடும்.

எனவே, நிதி கேட்கும்போதே அந்த நிதி எப்படிச் செலவாக வேண்டும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறையில், மிகக் குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை போகும். நடைமேடைக்குத் தளம் போடவும் சுற்றுச்சுவர் எழுப்பவும் அது சரியான முறையே. கிளிஞ்சல் சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்து, படலம் படலமாகப் பூசி மெருகேற்றும் வேலைக்கு அது உதவாது. சென்னைக் காரை என்று அயல்நாட்டார் வியந்த அந்த வேலையை இன்னும் கையில் வைத்திருக்கும் கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பொதுப்பணித் துறையின் மேற்பார்வையில் சேப்பாக்கத்து ஹூமாயூன் மகாலை மீட்டவர்கள் அத்தகையவர்கள்தாம். பழைய கட்டிடப் பணியில் அனுபவமுள்ளவர்களை மட்டும் முதலில் தகுதிப் பட்டியலில் சேர்த்து, அதற்குள் விலைப்புள்ளி கேட்கும் முறையை இராயபுரத்துக்கும் கடைப்பிடிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, கட்டிடத்தின் ஒவ்வொரு சுவரையும் தூணையும் விட்டத்தையும் அளந்து, எங்கே எது பழையது, எது பிற்காலத்து ஒட்டு என்று பதிவுசெய்யும் ஆய்வு ஒன்றுக்குத் தனியே பணம் ஒதுக்கப்பட வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு என்பதை அந்த ஆய்வுதான் சொல்ல முடியும். அதற்கு முன்னே யாரேனும் ஒரு கோடிக்கணக்கை அறிவித்தால், அது காரைக்குப் போட்ட கணக்காக இராது. மேடைக்குப் போட்ட கணக்காகவே இருக்கும்.

பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 2023-24 நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 3 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டபோது அதன் மதிப்பு 4,181 கோடி ரூபாயாக வளர்ந்திருந்தது. குடிநீர், கழிவுநீர், மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலையம், குடியிருப்பு ஆகியவை அதில் முன்னே நிற்பது சரியே. அவற்றில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நடக்கும் தெருக்களில் வாழ்கிறவர்களிடம் தூணின் அழகைப் பற்றிப் பேசினால் என்ன பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதே திட்டத்தின்கீழ் புதிய படிப்பகங்களும் சமூகக் கூடங்களும் கட்டப்படுகின்றன. அவற்றுக்கு நிலம் தேடுவதே எங்கள் பகுதியில் பெரும்பாடு. ரயில் வாசலிலேயே, கூரையோடும் சுவரோடும், ஒரு முழுக் கட்டிடம் பயன்படுத்துவாரின்றி நிற்கும்போது, புதிய கட்டிடத்துக்குச் செலவிடப்போகும் பணத்தின் ஒரு பகுதியை இதற்குத் திருப்புங்கள் என்று கேட்பது குடிநீருக்குப் போட்டியாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் பழைய கட்டிடங்களுக்குப் பொதுப்பணம் செலவழிப்பது புதிதன்று. ஹூமாயூன் மகால் இருக்கிறது. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி கையிலெடுத்த விக்டோரியா பொது மண்டபம் இருக்கிறது. நல்ல பணிகள்தாம். ஆயினும் வரைபடத்தில் அவற்றைப் புள்ளி வைத்துப் பார்த்தால், கோட்டையைக் கடந்து வடக்கே புள்ளி வைக்கக் கை தயங்கும். ராயப்பர் என்று தமிழில் அழைக்கப்படும் புனித பேதுருவின் பெயரால் படகோட்டிகள் எழுப்பிய தேவாலயம், தமிழ்நாட்டின் ஒரே பார்சி நெருப்புக் கோயில், மீன்பிடித் துறைமுகம், துணிக்கடைகள் நெருங்கிய எம்.சி. ரோடு என்று இவ்வளவும் ஒரு நடைதூரத்துக்குள் அடங்கிய ஊருக்கு, அரசு பாதுகாக்கத் தகுந்த பழைமை ஒன்றும் இல்லை என்று எவரும் வாயால் சொல்லவில்லை. நிதி ஒதுக்கீடுகள் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

சீரமைத்த பின் கட்டிடத்தை என்ன செய்வது? "ரயில் அருங்காட்சியகம்" என்ற பதில் எல்லோருக்கும் உடனே தோன்றும். அதை நான் ஏற்கவில்லை. பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் வைத்த ரயில் அருங்காட்சியகம் ஐ.சி.எஃப். எனப்படும் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வளாகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் நகலாக இன்னொன்று வைத்தால், திறப்பு விழாவுக்கு வருபவர்கள் வருவார்கள், பிறகு பள்ளிச் சுற்றுலாவுக்கு இரண்டு பேருந்துகள் வரும், மற்ற நாட்களில் காவலாளியும் மின்விசிறியும் மட்டுமே இருக்கும். ஒரு கட்டிடத்தைத் திரும்பவும் வேலையில்லாமல் ஆக்குவதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது.

இங்கே வேண்டியது படிப்பதற்கான இடம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீடுகளிலிருந்துதான் எங்கள் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கும், தேர்வாணையத் தேர்வுகளுக்கும், ரயில்வேயின் ஆள்சேர்ப்புத் தேர்வுகளுக்கும் போகிறார்கள். தொலைக்காட்சியும் தெருச் சத்தமும் ஓய்ந்த பின் இரவு பதினொரு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், படிப்பதற்கும் சேர்ந்து பணிபுரிவதற்குமான இடத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தால் அமைத்துத் தர முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. அந்த வடிவத்தை இராயபுரத்தின் பெரிய மண்டபத்துக்குப் பொருத்திப் பாருங்கள்: உயரமான கூரை, காற்றோட்டம், கும்மிடிப்பூண்டியிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வரும் மாணவர் வண்டியிலிருந்து இறங்கி நேரே நுழையக்கூடிய வாசல். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடும் படிப்பகம், தனியே ஒரு சிறு அறையில் துறைமுகத் தொழிலாளர், மீனவர், ரயில்வே ஊழியர் குடும்பங்களில் கிடக்கும் புகைப்படங்களையும் ஆவணங்களையும் திரட்டிக் காக்கும் ஊர்க் காப்பகம், மாலையில் கூட்டம் நடத்த ஒரு கூடம். இவை போதும். கண்ணாடி முகப்பு, வண்ண விளக்கு, செயற்கை நீரூற்று எதுவும் வேண்டாம்.

அதே நேரம் இது ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் என்பதை மறந்துவிடக் கூடாது. புறநகர் வண்டிகளில் இறங்கி ஏறும் மக்களின் கழிப்பறை, குடிநீர், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நடைமேடைக்கு ஏறும் வசதி ஆகியவை ரயில்வேயின் சொந்தக் கடமைகள். அவற்றுக்கான செலவை அமிர்த பாரத் நிலையத் திட்டத்திலோ வேறு தலைப்பிலோ ரயில்வே ஏற்க வேண்டும். பழைய கட்டிடத்தின் செலவோடு அதைக் கலந்து, "கழிப்பறை கட்டினோம், பாரம்பரியமும் காத்தோம்" என்று ஒரே கணக்கில் முடித்துவிடக் கூடாது.

இராயபுரத்தைச் சென்னையின் இன்னொரு ரயில் முனையமாக ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருப்பதை அறிவேன். நீதிமன்றம் வரை அது போயிருக்கிறது. முனையம் வந்தாலும் வராவிட்டாலும் என் வேண்டுகோள் மாறாது. "முனையம் முடிவாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற பதில்தான் எனக்கு அச்சம் தருகிறது, ஏனெனில் அந்தப் பதிலுக்குக் காலவரம்பு கிடையாது.

சட்டப் பாதுகாப்பைப் பற்றி என் நிலைப்பாடு சிலருக்கு வியப்பளிக்கலாம். இக்கட்டிடத்தை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வயது கணக்கில் அதற்குத் தகுதி உண்டு. ஆனால் 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, அப்படி அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் தடைசெய்யப்படும். அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைக்கு உட்படும். நெருக்கியடித்து வாழும் இராயபுரத்தில் ஓலையை எடுத்துவிட்டு ஓட்டைப் போட நினைக்கும் குடும்பம்கூட அனுமதிக்காக அலைய நேரும். மக்கள் அந்தக் கட்டிடத்தை நேசிப்பதற்குப் பதில் வெறுக்கத் தொடங்குவார்கள். மறுபக்கம், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு, பிற சட்டங்களில் என்ன சொல்லப்பட்டிருந்தாலும் தன் பணிகளுக்கு வேண்டிய கட்டுமானங்களைச் செய்ய ரயில்வே நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே நகரமைப்பு விதிகளை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் நேர்மையான வழி, இரு அரசு அமைப்புகளும் கையெழுத்திடும் ஒப்பந்தமே. உரிமை ரயில்வேயிடமே இருக்கட்டும். பயன்பாட்டு உரிமத்தை நீண்ட காலத்துக்கு மாநில அரசுக்குத் தரட்டும். இடிப்பதில்லை, மாற்றியமைக்கும் முன் வல்லுநர் குழுவின் ஒப்புதல் பெறுவோம் என்று எழுதித் தரட்டும். மாநில அரசு முதல் ரூபாயைச் செலவிடும் முன்பே இந்த ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் பொதுப்பணத்தில் மீட்ட கட்டிடம், அடுத்து வரும் ஏதோ ஒரு வணிக வளாகத் திட்டத்தின் வரவேற்பறையாகக் குத்தகைக்குப் போவதை நாங்கள் வாசலில் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

வேறு நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் ரயில்வே பாரம்பரிய அறக்கட்டளை என்ற அமைப்பு 1985 முதல் பழைய நிலையக் கட்டிடங்களைச் சீரமைக்க மானியம் தருவதோடு, பயன்பாடு இழந்தவற்றுக்குப் புதிய பயன்பாடு தேடவும் உதவுகிறது. தமிழர் பலருக்கும் பழக்கமான சிங்கப்பூரில், 1932இல் கட்டப்பட்டு 2011இல் ரயில் நின்றுபோன புக்கிட் தீமா நிலையம், அரசுப் பணத்தில் சீரமைக்கப்பட்டு 2022இல் மக்கள் கூடும் இடமாகத் திறக்கப்பட்டது; 24 கிலோமீட்டர் பழைய ரயில் தடம் நடைபாதையாக அதைக் கடந்து போகிறது. இராயபுரத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செங்கல் கட்டிடம். வயதும் பாதியைச் சற்றே தாண்டியது.

இறுதியாகப் பராமரிப்பு. 2005 நமக்குக் காட்டிய பாடம் அதுதான். சீரமைப்புக்கு ஒதுக்கும் தொகையோடு, ஆண்டுதோறும் கூரையைப் பார்க்க, நீர்த்தாரைகளைத் துப்புரவாக்க, முளைத்த செடியைப் பிடுங்க, உதிர்ந்த காரையை அதே சுண்ணாம்பால் பூச ஒரு சிறு தொகையும், அதற்குப் பொறுப்பான ஒரு பொறியாளரின் பதவிப் பெயரும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கூடம் வாடகைக்கு விடப்பட்டால் வரும் வருவாய் இதற்கே போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் முன்னிலையில் கணக்கு வாசிக்கப்படட்டும். வட சென்னையில் அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஆள் வராது என்று யாரேனும் சொன்னால், அவர்கள் எங்கள் ஊரின் கேரம் போட்டிக்குக்கூட வந்ததில்லை என்று பொருள்.

இரு அலுவலகங்களும் சேர்ந்து ஒரு கூட்டு ஆய்வுக்கு நாள் குறிக்க வேண்டும். அந்நாளில் மண்டபத்தின் கதவுகளைத் திறந்து, ஊர் மக்கள் சிலரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஆய்வுச் செலவுக்கான தொகையை நடப்பு நிதியாண்டிலேயே விடுவிக்க வேண்டும். இவற்றையே முதற்கட்டமாகக் கேட்கிறேன். 2031 ஜூன் 28 அன்று நிலையத்துக்கு 175 ஆண்டுகள் நிறைகின்றன. இப்போது அளக்கத் தொடங்கினால், அன்று காலை ஆறு மணிக்குப் படிப்பகத்தின் கதவைத் திறக்கக் காலம் போதுமானதாக இருக்கும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி,
இராயபுரத்தில் வாழும் குடிமகன் ஒருவன்